பட்டறைப் பதில்கள்: பிடிக்குள்ளே என்ன இருக்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊர்த் திருநாளுக்கு இந்த வருஷம் ஐரோப்பியப் பேரரசர் காறல்மான் கதையைச் சவிட்டு நாடகமாக, அதாவது பாடிக்கொண்டே மேடையைக் காலால் உதைத்து ஆடும் கேரளக் கிறிஸ்தவ நாடகமாக, போடுகிறோம். கொச்சிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசான் வந்து சொல்லித் தருகிறார். ராஜா வேஷம் எனக்கு. ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ஓர் ஐரோப்பிய வாள் வாங்கினேன். நீளம் 1 மீட்டர், எடை 2 கிலோவுக்கு மேல். அலகில் ‘440 ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருக்கிறது. பிடி கறுப்பு பிளாஸ்டிக், பிடிக்கு மேலே கையைக் காக்கும் குறுக்குக் காப்பும் பிடியின் கடைசியில் இருக்கும் குமிழும் தங்க நிறம். ஆட்டினால் உள்ளே டக் டக் என்று சத்தம் வருகிறது. இதைப் பழைய வாள் மாதிரி மாற்றி மேடையில் வீசலாமா? இரண்டு காட்சியில் வாளோடு வாள் மோதவேண்டும்.
– வாசகர், பாறசாலை

பதில்: தம்பி, அந்த வாளை மேடையில் வீசவே வீசாதீர்கள். முதலில் இதை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் கடற்கரைப் பக்கம் ஒரு தேவாலயப் பங்கு நாடகத்துக்கு இதே மாதிரி ஒரு வாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் பளபளப்பைக் குறைத்து, பிடிக்குத் தோல் சுற்றி, அழகாக்கிக் கொடுத்தேன். பிடிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்க்கவில்லை. ஒத்திகையில் மூன்றாவது வீச்சிலேயே அலகு காப்புக்குப் பக்கத்தில் ஒடிந்து, முன்வரிசையைத் தாண்டிப் பறந்து மணலில் குத்தி நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பாயில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு வயதிருக்கும். அது கண்கூட முழிக்கவில்லை. அந்தப் பாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஒடிந்த பிடியைப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதுவதற்காக அதை இறக்கி மேஜையில் வைத்துப் பார்க்கிறேன். அலகின் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் பிடிக்குள் வருகிறது. அங்கே ஒரு 6 மில்லி திருகுக் கம்பியைப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைப்பு ஒடிந்த இடத்தில் சுற்றி ஒரு வெள்ளி வளையம் மின்னுகிறது, நடுவில் கரி மாதிரி கறுப்பு. அதாவது மேல்தோல் மட்டும்தான் உருகி ஒட்டியிருந்தது. மூன்றடி அலகின் விசை முழுவதையும் அந்த வளையம்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

நம் வெட்டுகத்தியை எடுத்துப் பாருங்கள். அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பு. நல்ல வாளும் அப்படித்தான். அலகு அப்படியே ஒடுங்கி வாலாகிப் பிடிக்குள் நுழைந்து, குமிழைத் துளைத்து வெளியே வரும். அதன் நுனியைச் சுத்தியலால் தட்டிப் பூப்போல விரித்துவிட்டால் எல்லாம் ஒரே உடம்பு. உங்கள் வாளில் டக் டக் என்று கேட்பது கம்பி ஆடுகிற சத்தம். குமிழைத் துணி சுற்றிக் குழாய்ச் சாவியால் இடதுபக்கம் திருகுங்கள், கழன்று வரும். பிடியை உருவினால் நான் சொன்ன பற்றவைப்பு கண்ணில் படும்.

இன்னொன்று, ஸ்டெயின்லெஸ். சமையல் கத்திக்கு 440 நல்ல உலோகம்தான். ஓர் அடிக்கு மேல் நீளம் போய்விட்டால், மோதும்போது வளைந்து நிமிர வேண்டிய இடத்தில் அது முறிந்துவிடும். எடையும் தப்பு. நடுக்காலத்து ஐரோப்பாவில் வீரர்கள் ஒரு கையால் வீசிய வாள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.3 கிலோ வரைதான் இருந்தது. வீரன் என்றால் கனமான வாள் தூக்குவான் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். மணிக்கணக்கில் வீசவேண்டியவன் ஏன் வீண்கனம் சுமக்கப் போகிறான்?

சரி, வாங்கியதை என்ன செய்வது? அதை வீட்டுச் சுவருக்கு விடுங்கள். 400 நம்பர் உப்புத்தாளால் பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு போய் நிஜ வாளின் மங்கல் வந்துவிடும். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். காப்பும் குமிழும் அநேகமாகத் துத்தநாக வார்ப்பு. தங்கப் பூச்சை ஓரத்தில் அரத்தால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், அடியில் வெளிறிய சாம்பல் நிறம் வந்தால் அதேதான். அதைப் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றைக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். கறுப்பு பெயின்ட் போதும்.

மேடைக்குப் புதிதாக ஒன்று செய்யுங்கள், செலவு அதிகம் ஆகாது. 6061 என்ற கெட்டி ரக அலுமினியப் பட்டை, 40 மில்லி அகலம், 6 மில்லி கனம், நாலடி நீளம் வாங்குங்கள். சாதாரண ஜன்னல் அலுமினியம் வேண்டாம், முதல் மோதலிலேயே வளையும். அலுமினியத்தின் கனம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். 90 சென்டிமீட்டர் பட்டை 600 கிராமுக்குள் அடங்கிவிடும். வாலையும் அதே பட்டையில் வெட்டி எடுக்கவேண்டும். அலகு ஒடுங்கி வாலாக மாறும் அந்த இரண்டு மூலையிலும் முதலில் 6 மில்லி துளை போட்டுவிட்டு அப்புறம் ரம்பத்தை வையுங்கள். மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். உருண்டையாக இருந்தால் விசை வழுக்கிப் போய்விடும். ஓரத்தை ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்குக் குறையாமல் உருட்டுங்கள், நுனியைக் கட்டைவிரல் போல வளைத்துவிடுங்கள். ஒவ்வோர் ஒத்திகைக்குப் பிறகும் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து, பிசிறு எழுந்திருந்தால் அரத்தால் இழுத்துவிடவேண்டும். அலுமினியப் பிசிறு பிளேடு மாதிரி கிழிக்கும். உங்களோடு மோதுகிறவர் கையிலும் இதே அலுமினிய வாள்தான் இருக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

காப்புக்கு 12 மில்லி சதுரக் கம்பி ஒரு துண்டு. நடுவில் வரிசையாகத் துளை போட்டு, இடையில் நிற்பதை அரத்தால் எடுத்தால் வால் நுழையும் பொளி கிடைத்துவிடும். குமிழுக்கு லேத்தில் 5 சென்டிமீட்டர் விட்டம், 2 சென்டிமீட்டர் கனத்தில் ஓர் இரும்பு வட்டு கடைந்து தரச் சொல்லுங்கள். 300 கிராம் வரும். அந்தக் கனம் பின்னால் இருந்தால்தான் வாள் கையில் இறகு மாதிரி திரும்பும். வாலைக் குமிழுக்குள் நுழைத்துக் குறுக்கே 5 மில்லி இரும்பு ஆணி அடித்து இரண்டு பக்கமும் தட்டிவிடுங்கள். காப்பையும் குமிழையும் ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, காலையில் சோடா உப்புத் தண்ணீரில் கழுவினால் பழைய இரும்பின் சாம்பல் நிறம் தானாக வரும்.

பிடிதான் எனக்குப் பிடித்த வேலை. அயினியோ பலாவோ, காய்ந்த துண்டாக எடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் வாலின் கனத்தில் பாதி ஆழத்துக்கு உளியால் குடையுங்கள். அரால்டைட் தடவிச் சேர்த்துக் கட்டி ஒரு நாள் விடவேண்டும். அப்புறம் முட்டை வடிவமாகச் செதுக்குங்கள். உருண்டையாக வேண்டாம். நம் வெட்டுகத்திப் பிடி ஏன் முட்டை வடிவம்? இருட்டிலும் வெட்டுவாய் எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்குத் தெரியும். உங்கள் கை நான்கு விரலும் அடங்கி கொஞ்சம் இடம் மிஞ்சினால் போதும், 10 சென்டிமீட்டர். கடை வாள்களில் பிடி அநியாய நீளம்.

அந்த மரத்தின் மேல் சணல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பெவிகால் பூசுங்கள். மெல்லிய ஆட்டுத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் சொட்டாத பதத்தில் எடுத்து, மறுபடி பெவிகால் தடவிப் போர்த்தி, ஓரங்களைச் சீவி ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் இன்னொரு நூலை விரல் அகல இடைவெளி விட்டு இறுக்கிச் சுற்றுங்கள். மறுநாள் அந்த மேல்நூலை அவிழ்த்துப் பாருங்கள். நூல் அழுத்திய இடமெல்லாம் பள்ளம், நடுவில் மேடு மேடாகத் தோல் இறுகி நிற்கும். வேர்த்த கையிலும் வழுக்காது. ஐரோப்பாவில் அந்தக் காலத்திலும் மரம், நூல், தோல் என்று இப்படித்தான் பிடி கட்டினார்கள். முதல் தடவை அந்த நூலை அவிழ்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் உங்களுக்கும் வரும்.

கடைசியாக ஒன்று, இது வேலைக்கு அல்ல, உங்கள் ராஜாவுக்கு. காறல்மான் என்று நீங்கள் பாடுகிற சார்லமேன் 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் பேரரசராக முடிசூடியவர். அவர் காலத்து வாளில் காப்பு குட்டையாக இருக்கும், குமிழ் மொட்டு மொட்டாகப் பிரிந்திருக்கும். நீங்கள் வாங்கியிருக்கிற நீளக் காப்பு வாள் அதற்குப் பல தலைமுறைகள் பிந்தியது. மேடையில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த நாடகத்தைக் கட்டியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்று சொல்வார்கள், அதன் பாட்டில் இன்றும் தமிழ் நிறைய இருக்கிறது. எல்லையில் பிறந்த நாம் அதைப் பிசிறில்லாமல் ஆடவேண்டும் என்பது என் ஆசை. புது வாளின் காப்பை, வாங்கிய வாளின் காப்பைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டுங்கள். உங்கள் கைக்கும் வசதி, ராஜாவுக்கும் பொருத்தம்.

கேள்வி: வாளின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது ரத்தம் வடிவதற்காகவா?
– வாசகர், கூடலூர்

பதில்: இல்லை. கனம் குறைப்பதற்காக. தண்டவாளத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள், மேலும் கீழும் தடிப்பு, நடுவில் மெலிவு. இரும்பைக் குறைத்தும் விறைப்பு குறையாமல் இருக்க அதுதான் வழி. வாளிலும் அதே கணக்கு. ரத்தக் கதையைச் சொல்லி விற்பவரிடம் மற்ற விவரங்களையும் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஐரோப்பிய வரலாறு சொல்லிக்கொடுத்தே முப்பது வருஷம் போனது. உண்மையான ஒரு வாளைக் கையில் பிடிக்க ஆசை. 3,000 ரூபாய்க்கு ஸ்டெயின்லெஸ் கிடைக்கிறது. டேராடூனில் செய்த ‘ஈ.என்.45’ வாள் 9,000 சொல்கிறார்கள். மூன்று மடங்கு கொடுப்பது தகுமா? அல்லது நம் கொல்லரிடமே அடிக்கச் சொல்லலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: தகும் சார், விவரம் சரியாக இருந்தால். ஈ.என்.45 என்பது லாரிப் பட்டைக்குப் போடுகிற ஸ்பிரிங் உருக்கு. வளைந்து நிமிரும். டேராடூன் இந்த வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே விண்ட்லாஸ் நிறுவனம் 1943இல் கூர்க்காக்களின் குக்ரி கத்தி செய்யத் தொடங்கியது, இன்று வெளிநாடுகளுக்கு வாள் அனுப்புகிறது. ஆனால் ஊர்ப்பேரை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். எடை எவ்வளவு? வால் அலகோடு ஒரே இரும்பா? நுனி குமிழின் மேல் தட்டி விரித்ததா, நட்டு போட்டதா? பிடி கழற்றிய படம் அனுப்புவீர்களா? இவ்வளவும் கேளுங்கள். 1.4 கிலோவைத் தாண்டிய ஒருகை வாள் என்றால் விட்டுவிடுங்கள். காப்பிலிருந்து நாலு அங்குலம் தள்ளி ஒரு விரலில் வைத்தால் வாள் சமமாக நிற்கவேண்டும். வந்ததும் அதைச் செய்து பாருங்கள்.

கொல்லரைப் பற்றி. நம் ஆட்கள் லாரிப் பட்டையில் அடிக்கிற வெட்டுகத்திக்கு ஈடு கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓரடிக் கத்திக்குத் துவைச்சல் ஏற்றுவது (பழுக்கவைத்து முக்கிக் கெட்டியாக்குவது) வேறு, மூன்றடி அலகை ஒரே சூட்டில் பழுக்கவைத்து, கோணாமல் எண்ணெயில் இறக்கி, மறுபடி மிதச்சூட்டில் பதப்படுத்துவது வேறு. அதற்கு நீளமான உலை வேண்டும். அலகை வாங்கிக்கொண்டு, பிடி, காப்பு, உறையை நம் ஊரில் செய்யுங்கள். குமிழ் ஆடினால் வாலின் நுனியை மட்டும் காஸ் தீயில் சூடாக்கித் தட்டலாம். அப்போது பிடியைக் கழற்றிவிட்டு, அலகின் மேல் ஈரத்துணி சுற்றியிருக்கவேண்டும். 300 டிகிரியில் இரும்பு நீலம் பாயும். அந்த நீலம் காப்பைத் தாண்டி அலகுக்குள் ஏறினால் ஸ்பிரிங் குணத்துக்குப் பொறுப்பு சொல்ல முடியாது.

தக்கலைப் பக்கம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். போரில் கையாண்ட வாளும் குத்துவாளும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. நம் மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கள்கிழமை விடுமுறை.

கேள்வி: புனலூரில் இருக்கிற என் கடையில் மாட்ட ஒரு வாளைச் செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் கொண்டு போகலாமா? கூர் இல்லாத வாள்தான். லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பொதுப் பஸ்ஸில் வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் வாளை ஆயுத வகையில்தான் வைத்திருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியும் அதில் சேரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்ததற்குத்தான் விலக்கு. பொம்மைக்கும் விலக்கு உண்டு, ஆனால் நிஜ ஆயுதமாக மாற்ற முடியாததாக இருக்கவேண்டும். உருக்கு வாளை யாரும் ஒரு மணி நேரத்தில் சாணை பிடித்துவிடலாம் என்பதால் ‘கூர் இல்லை’ என்ற பதில் மட்டும் போதாது. லைசென்ஸ் எந்தப் பகுதியில் வேண்டும் என்பது அரசு அறிவிப்பைப் பொறுத்தது. ஆகவே இரண்டு பக்கத்துக் காவல் நிலையத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி என்றால், அட்டையில் சுற்றி, நூலால் கட்டி, ரசீதோடு சொந்த வண்டியின் டிக்கியில் கொண்டு போங்கள். எல்லையிலுள்ள ஆரியங்காவில் வண்டியை நிறுத்தினால் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் கூர் ஏற்றவேண்டாம். பாறசாலைத் தம்பிக்கும் இதே பதில்தான்: பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கி நிலையத்தில் கொடுத்துவிட்டு ஒத்திகையைத் தொடங்குங்கள்.

கேள்வி: குளச்சலில் வீடு. சுவரில் மாட்டிய வாளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, தோலுறையில் போட்டு வைத்தேன். மூன்று மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. ஏன் அண்ணாச்சி?
– வாசகி, குளச்சல்

பதில்: இரண்டு தப்பு நடந்திருக்கிறது. தோலைப் பதப்படுத்திய சரக்கு இரும்பைத் தின்னும், தோல் ஈரத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும். உறை வெளியே எடுத்துப்போக மட்டும்தான். வாள் வெளியே இருக்கட்டும். அடுத்தது எண்ணெய். தினமும் தேய்கிற வெட்டுகத்திக்குத் தேங்காய் எண்ணெய் சரி. சும்மா தொங்கும் வாளில் அது ஊசிச் சிக்குப்பிடித்து அடியிலே கறை விடும். தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும்.

உங்கள் ஊரில் இன்னொரு விஷயம், உப்புக்காற்று. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, கொஞ்சம் வெயில் காட்டி, அப்புறம்தான் எண்ணெய். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இரண்டு மழைக்கும் முன்னால் ஒரு தடவை, இடையில் மாதம் ஒரு தடவை. இப்போது வந்திருக்கிற புள்ளியை மண்ணெண்ணெய் தொட்ட 400 நம்பர் தாளால் எடுத்துவிடலாம். வாளைப் பார்க்க வருகிறவர்கள் அலகைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர்வை பட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாக எழும்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு இரும்பு வாள்தான் வேண்டும் என்று சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான். 1,500 ரூபாய்க்குச் சின்ன வாள் ஒன்று பார்த்தேன். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஆனால் அவன் ஆசையையும் தள்ளிவிடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் காய்ந்து விழுந்த தென்னை மட்டை இருக்கும். ஈரமில்லாத, எடுத்தால் கனமே தெரியாத ஒன்றைப் பார்த்து, இரண்டடிக்கு அறுத்து, அவனையே உட்காரவைத்து உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். நுனி உருண்டையாகும்வரை விடாதீர்கள். காப்புக்கு ஒரு மூங்கில் துண்டைக் குறுக்கே வைத்துச் சணலால் கட்டலாம். பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுக்கு அதே வேலையாக இருக்கும்.

மரம் என்று முகம் சுளித்தால், பக்கத்தில் ஏதாவது களரி இருந்தால் ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். முதலில் மெய்த்தாரி, அதில் கையில் எதுவும் கிடையாது, உடம்பு மட்டும்தான். அடுத்தது கோல்த்தாரி, அதில் கம்பு. அதற்கும் அப்புறம்தான் அங்கத்தாரி என்று இரும்பைத் தொடவிடுவார்கள். அவனைவிடப் பெரிய பையன்கள் கம்போடு நிற்பதை அவனே பார்க்கட்டும். மட்டை வாள் முடிந்ததும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், காப்புக் கட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.